பழைய தேக்குக் கதவுக்குப் புது பாலிஷ்: வெளுத்தால், பிசுபிசுத்தால், உரிந்தால் என்ன செய்வது

போன வருஷம் ஐப்பசியில் காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூர் வீட்டு நிலைக்கதவுக்கும் அப்பத்தாவின் பெட்டகத்துக்கும் பாலிஷ் போட ஆரம்பித்தோம். தை மாதம் வீட்டில் கல்யாணம், அதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு. மூன்று வாரத்தில் முடிய வேண்டிய வேலை மூன்று மாதம் இழுத்தது. கதவு முழுக்கப் பாலாடை படிந்த மாதிரி வெளுத்தது, தாழ்ப்பாளைச் சுற்றி விரல் வைத்தால் ஒட்டியது, கீழ்ப்பலகையில் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. வேலை பார்த்தவர் ஒவ்வொரு தடவையும் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: "இன்னொரு கோட் அடிச்சா சரியாயிரும்." ஆகவில்லை. அடிக்க அடிக்க மோசமானது.

அப்புறம் தேவகோட்டையிலிருந்து வயதான பாலிஷ்காரர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். கதவை நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உள்ள ஈரத்தையும் எண்ணெயையும் வச்சுக்கிட்டு மேல எத்தன கோட் போட்டாலும் இப்படித்தான் வரும்." அவரிடம் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, முதலிலிருந்து செய்தோம். அவர் சொன்னதும், நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டதும் கீழே. பூர்வீக வீட்டைச் சரி பண்ண ஊருக்கு வருகிறவர்களுக்கும், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பழைய சாமான் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் உதவும்.

1. முதலில் பேச்சு, காகிதம்

மரத்தைத் தொடும் முன் இதை முடித்துவிடுங்கள். வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி), முகப்பு, நிலைக்கதவு எல்லாம் பங்காளிகளுக்குப் பொது. எங்கள் வீட்டில் ஐந்து பங்கு. கதவின் பச்சை பெயின்டை எடுக்கப்போகிறோம் என்று நான் நாலு பேரிடம் சொன்னேன், ஐந்தாவது பங்குக்காரர் கோயம்புத்தூரில் இருப்பதால் விட்டுப்போனது. பாதி வேலையில் போன் வந்து நாலு நாள் நின்றது. வாட்ஸாப்பில் ஒரு வரி போதும்: எந்தக் கதவு, என்ன செய்யப்போகிறோம், செலவு யாருடையது. எல்லோரிடமும் "சரி" வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

வேலைக்காரரிடமும் எழுத்தில் வாங்குங்கள். "பாலிஷ் போட இவ்வளவு" என்று ஒற்றைத் தொகை பேசினால் பின்னால் சண்டைதான். பழையதை எடுப்பது தனி, கறை நீக்குவது தனி, தேய்ப்பு தனி, பாலிஷ் எத்தனை கோட், என்ன சரக்கு, சரக்கு யார் வாங்குவது என்று வரி வரியாக எழுதச் சொல்லுங்கள். முக்கியமாக, வெளுத்தாலோ உரிந்தாலோ திரும்பச் செய்யும் கூலி யாருடையது என்பதை எழுதுங்கள். நான் இந்த ஒரு வரியை எழுதவில்லை.

தொடங்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கடையில் வாங்கிய சாமானாக இருந்தால் என்ன மரம், என்ன பொருள், பழையது என்று எழுதிய பில் கட்டாயம். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் பாலிஷுக்கு முன்பே இதை யோசியுங்கள்: 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனி நபர் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் வருஷச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அவ்வளவு பழையது இல்லை என்றால், தொல்பொருள் இல்லை என்கிற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்க வேண்டும்.

2. மேலே இருப்பது என்ன என்று கண்டுபிடியுங்கள்

இதுதான் மொத்த வேலையிலும் பெரிய விஷயம், இதற்கு ஆகும் நேரமோ அரை மணி. நான் இதைச் செய்யாமல் ஆரம்பித்ததால்தான் மூன்று மாதம்.

டர்பன்டைன், ஸ்பிரிட், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் மூன்றிலும் கொஞ்சம், ஒரு கட்டுப் பஞ்சு, அவ்வளவுதான் தேவை. கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பாருங்கள். பெட்டகம் என்றால் முதுகுப்பக்கம், கதவு என்றால் குடுமி (கதவு சுழலும் முளை) பக்கத்து ஓரம். வரிசை மாறக் கூடாது, ஏனென்றால் தின்னர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கொஞ்சமாவது இளக்கும், அதை முதலில் வைத்தால் ஒன்றும் புரியாது.

முதலில் டர்பன்டைன். பஞ்சில் வழவழப்பாக அழுக்கு வந்தால் மேலே மெழுகு இருக்கிறது. அதைத் துடைத்தெடுத்துவிட்டு அதே இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிஷம் வைத்து அழுத்துங்கள். ஒட்டிக்கொண்டு, பஞ்சு பழுப்பானால் அது அரக்கு பாலிஷ், பிரெஞ்சு பாலிஷ் என்பார்களே, அதுதான். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. லாக்கர். இரண்டுக்கும் சரியாக இளகாவிட்டால் எண்ணெய் வார்னிஷ், எனாமல், மெலமைன், பி.யு. (பாலியூரித்தேன்) இவற்றில் ஒன்று. எதுவுமே இல்லை என்று தோன்றினால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் வெறும் மரம், முத்தாக நின்றால் எண்ணெயோ மெழுகோ உள்ளே இருக்கிறது.

அப்பத்தாவின் பெட்டகத்து முதுகில் இப்படி ஸ்பிரிட் பஞ்சை வைத்து எடுத்தபோது பஞ்சு கருப்பட்டிக் காபியில் முக்கிய மாதிரி வந்தது. அத்தனை வருஷத்துப் புகையும் அழுக்கும் அரக்கோடு சேர்ந்து பஞ்சில் ஏறிவிட, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அடியில் தேன் நிறத்தில் தேக்கின் ரேகை தெரிந்தது. அதுவரை அதைக் கறுப்பு மரம் என்றே நினைத்திருந்தோம்.

ஒரே இடத்தில் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். எங்கள் கதவில் மேல் பாதியில் பச்சை எனாமலுக்கு அடியில் அரக்கு, கீழ்ப்பலகையை எப்போதோ மாற்றியிருக்கிறார்கள், அங்கே வார்னிஷ். குறைந்தது மூன்று இடம் பாருங்கள்.

ஒரு விஷயம். ரங்கூன் மரவை (பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பூச்சுப் பாத்திரம்), வர்ணம் போட்ட கடைசல் சாமான்கள் இருந்தால் ஸ்பிரிட், தின்னர் எதையும் அவற்றின் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். அங்கே மேல்பூச்சுதான் பொருளே. ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி அப்படியே வையுங்கள்.

3. மாதம் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் காற்றெல்லாம் ஈரம். ஸ்பிரிட்டும் தின்னரும் ஆவியாகும்போது பலகையின் மேல்தளத்தைக் குளிரவைக்கும், காற்றின் ஈரம் அங்கே படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். பால் மாதிரி வெளுப்பது அதனால்தான். ஆடியில் தூசி. அம்மியே பறக்கிற காற்றில் ஈரப் பூச்சின் மேல் மணல் வந்து உட்காராமல் இருக்குமா? கத்திரி வெயிலில் கை நகர்வதற்குள் காய்ந்து கோடு கோடாக நிற்கும். தை பாதியிலிருந்து பங்குனி வரைதான் நம் பக்கத்துக்கு நல்ல காலம். கல்யாணத் தேதி தையில் என்றால் அதற்கு முந்தின பங்குனியிலேயே முடித்துவிடுங்கள்.

நாளுக்குள்ளும் நேரம் இருக்கிறது. காலை பத்துக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு நிறுத்துவது நல்லது. முற்றத்து வெயிலில் போட்டுப் பூசாதீர்கள். பட்டாலைக் கூடத்து நிழலே போதும், காற்று ஓடும்படி வாசலும் கொல்லையும் திறந்திருக்கட்டும்.

4. பழையதை எடுப்பது

அரக்கு என்றால் சுரண்டவே வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒரு முழம் அகலத்துக்கு எடுத்துக்கொண்டு, இளகியதும் பழந்துணியால் வழித்துவிடுங்கள். துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுகிறோம். சித்திர வேலை உள்ள இடத்தில் பழைய டூத்பிரஷ், மூங்கில் குச்சி. இரும்பு நாரை வைத்துத் தேய்க்காதீர்கள். அதன் தூள் மரத்தின் கண்ணில் (நுண்துளையில்) மாட்டிக்கொண்டு, பின்னால் தண்ணீர் பட்டதும் கறுப்புக் கறுப்புப் புள்ளியாக வரும்.

எனாமல் என்றால் பெயின்ட் ரிமூவர். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதனால் உலர்ந்த பெயின்டை மெஷின் வைத்துத் தேய்த்துத் தூள் கிளப்புவது, தீ வைத்து வாட்டுவது இரண்டும் கூடாது. ஈரமாகவே வழித்தெடுத்து, வழித்ததைத் தாளில் சேர்த்துக் கட்டுங்கள். வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால் வேலை முடிந்து கழுவும் வரை வீட்டின் அந்தப் பகுதிக்கே விடாதீர்கள்.

காஸ்டிக் சோடா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீக்கிரம் முடியும், செலவு குறைவு என்பதால் பலர் அதைத்தான் ஊற்றுகிறார்கள். எங்கள் கதவிலும் நான் ஊரில் இல்லாத ஒரு நாளில் ஊற்றிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் நிலையில் வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் வைத்த இடமெல்லாம் ரத்தச் சிவப்பாக வழிந்திருந்தது. அப்பத்தா பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. விஷயம் இதுதான்: மஞ்சள் காரம் பட்டால் சிவக்கும், சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவப்பது போலத்தான். ஆனால் அந்தச் சிவப்பு ஒரு நல்ல தகவலும் சொல்கிறது, மரத்துக்குள் இன்னும் காரம் இருக்கிறது என்று. காரம் மிச்சமிருக்கும் மரத்தில் எந்தப் பூச்சும் நிலைக்காது, ஒன்று பூக்கும், இல்லை உரியும். தேக்கும் கறுத்துவிடும், பசை வைத்த மூட்டுகள் விட்டுப்போகும்.

ஏற்கெனவே காஸ்டிக் பட்டுவிட்டது என்றால் நிறையத் தண்ணீரில் கழுவி, ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் துடையுங்கள். போய்விட்டதா என்று பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. மஞ்சள் கரைசலில் வெள்ளைத் தாளை நனைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். மரத்தில் ஒரு இடத்தை ஈரமாக்கி அந்தத் தாளை வைத்து அழுத்துங்கள். சிவந்தால் இன்னும் காரம் இருக்கிறது. நாங்கள் மூன்று தடவை கழுவிய பிறகுதான் தாள் மஞ்சளாகவே நின்றது.

5. கறைகளை இப்போதே எடுங்கள்

பாலிஷ் கறையை மறைக்காது, எடுத்துக் காட்டும்.

ஆணி, தாழ்ப்பாள், வளையம் இருக்கும் இடத்துக் கறுப்பு இரும்புக் கறை. இதற்கு ஆக்ஸாலிக் ஆசிட். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள், இரும்பு வாளி கூடாது. கையுறை, கண்ணாடி போட வேண்டும், இது விஷம். கறை மேல் மட்டும் தடவினால் அந்த இடம் மட்டும் வெளிறி இன்னொரு கறையாகத் தெரியும், அதனால் பலகை முழுவதும் தடவுங்கள். காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும், அதை உலரத் தேய்த்துத் தூசியாக்காதீர்கள், மூக்கையும் தொண்டையையும் பிடுங்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் கழுவி, கடைசியில் ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் ஒரு தடவை துடைத்து, மறுபடி நல்ல தண்ணீர்.

மஞ்சள் கறையைப் பெரும்பாலும் ஸ்பிரிட்டே எடுத்துவிடும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும், நாலைந்து நாள் வெளிச்சம் படும்படி விடுங்கள்.

விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் இறங்கிய இடம்தான் கஷ்டம். எங்கள் தாழ்ப்பாளைச் சுற்றி ஒட்டியதற்குக் காரணம் அதுதான். கிறீச்சென்ற சத்தம் வராமல் இருக்க வருஷக்கணக்காக எண்ணெய் விட்டிருக்கிறோம், அது மரத்துக்குள் ஊறி நிற்கிறது. சாக்பீஸைப் பொடித்துத் தின்னரில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து அரை விரல் கனத்துக்கு அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை மூடி ஒரு மணி நேரம் விட்டு, பிறகு தாளை எடுத்துக் காயவிடுங்கள். தின்னர் எண்ணெயை இளக்க, பொடி உறிஞ்சிக்கொள்ளும். உதிர்த்துவிட்டு மறுபடி. எங்களுக்கு ஐந்து தடவை ஆனது. ஐந்தாவது தடவை பொடி வெள்ளையாகவே உதிர்ந்தபோதுதான் நிறுத்தினோம். இந்த வேலையின்போது பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது.

கழுவிய மரம் நிழலில் காய நல்ல காலத்திலேயே நாலைந்து நாள் கொடுங்கள், கதவு கனமாக இருந்தால் ஒரு வாரம். ஈரம் பார்க்கும் சின்ன மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. 12 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நிம்மதி.

6. தேய்ப்பு

80 நம்பர் உப்புத்தாள் மேடு பள்ளம் உள்ள இடத்துக்கு மட்டும். மற்றபடி 120, 180, கடைசியில் 220. ரேகை போகும் திசையில் மட்டும் கை போக வேண்டும். சித்திரங்களின் விளிம்பைத் தேய்க்காதீர்கள், கஜலட்சுமியின் மூக்கு ஒரு தடவை போனால் போனதுதான். விரிசல், ஓட்டைக்கு மக்கு அடைப்பதென்றால் அதே தேக்குத் தூளைக் குழைத்து அடையுங்கள், கடையில் விற்கும் மக்கு பாலிஷுக்குப் பிறகு தனி நிறத்தில் நிற்கும்.

7. முதல் கோட்

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, ஈட்டி மரத்தில் அது எண்ணெய் வார்னிஷைக் காயவே விடாது. தேய்த்து முடித்து, பூசுவதற்குச் சற்று முன்னால் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு முறை முழுக்கத் துடையுங்கள். முந்தின நாளே துடைத்து வைத்தால் பயனில்லை, பசை திரும்ப மேலே வரும்.

அப்புறம் மெல்லிய அரக்குக் கோட். அவலரக்கு (அவல் மாதிரி செதில் செதிலாக இருக்கும் அரக்கு) 100 கிராமை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் போட்டு இரவு முழுக்க விட்டால் கரையும். கண்ணாடி பாட்டிலிலோ பிளாஸ்டிக்கிலோ வையுங்கள், இரும்பு டின்னில் வைத்தால் கறுக்கும். அரக்கில் இயற்கையாக மெழுகு இருக்கிறது. மேலேயும் அரக்கே போடுவதானால் கவலையில்லை. பி.யு. போடுவதானால் இந்த மெழுகுதான் உரிவதற்குக் காரணமாகும், பாட்டிலை அசைக்காமல் ஒரு வாரம் வைத்தால் மெழுகு கீழே மண்டியாக இறங்கும், தெளிவை மட்டும் வடித்து எடுங்கள். மெழுகு நீக்கிய அரக்கே கிடைத்தால் இன்னும் சுலபம்.

கரைத்து வைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் பழசானால் காய மறுக்கும். வேலை பார்க்கிறவர் பழைய பாட்டிலோடு வந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் அந்தப் பாட்டில் வேண்டாம்.

மேல்பூச்சு எது என்பது இடத்தைப் பொறுத்தது. பெட்டகம், உள்கதவு, கணக்குப்பெட்டிக்கு என் ஓட்டு அரக்குக்குத்தான். ரேகை உயிரோடு தெரியும், பின்னால் எந்தக் கோளாறு வந்தாலும் ஸ்பிரிட் வைத்துச் சரி பண்ணலாம். சாப்பாட்டு மேசைக்கும் தினம் காபி டம்ளர் வைக்கும் இடத்துக்கும் அரக்கு தாங்காது, பி.யு. போடுங்கள். சாரல் படும் வெளிக்கதவுக்கு வெளிப்புறத்துக்கென்றே உள்ள எண்ணெய் வார்னிஷ்.

8. கோளாறு வந்துவிட்டதா?

முதல் வேலை, நிறுத்துங்கள். அடுத்த கோட் போடாதீர்கள். கோளாறுக்கு மேல் போடும் ஒவ்வொரு கோட்டும் பின்னால் நீங்கள் சுரண்டி எடுக்க வேண்டிய கனத்தைத்தான் கூட்டும்.

முழுக்க வெளுத்திருந்தால்: பூச்சில் ஈரம். அரக்கு என்றால் ஒரு வெயில் நாளுக்குக் காத்திருந்து, பஞ்சை உள்ளே வைத்து மல்துணி சுற்றிய உருண்டையில் ஸ்பிரிட்டைத் தெளித்துப் பிழிந்து, கன்னத்தில் வைத்தால் சில்லென்று மட்டும் இருக்கும் அளவு ஈரத்தில், நிறுத்தாமல் ஒரே வீச்சில் இழுத்துக்கொண்டே போங்கள். கை நின்றால் அந்த இடம் பிய்த்துக்கொண்டு வரும். வெளுப்பு கண்ணெதிரே மறையும். லாக்கர் என்றால் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னரை மெல்லியதாக ஸ்பிரே செய்ய வேண்டும். பி.யு.வுக்குள் வெளுப்பு மாட்டிக்கொண்டால் தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

வட்டமாக வெள்ளை வளையம்: சூடான டம்ளரோ ஈரச் செம்போ. மேலே சொன்ன வைத்தியமே போதும். வளையம் கறுப்பாக இருந்தால் தண்ணீர் மரத்துக்கே இறங்கிவிட்டது, பூச்சை எடுத்துவிட்டு ஆக்ஸாலிக் ஆசிட்.

பிசுபிசுப்பு: எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். முழுக்க ஒட்டினால் சரக்குக் கோளாறு, பழைய அரக்கு, அல்லது இரண்டு டின் பாலிஷில் ஹார்ட்னர் அளவு தப்பு. நாள் கணக்கில் காத்திருந்தாலும் காயாது, எடுத்துவிடுங்கள். ஒரு இடத்தில் மட்டும் ஒட்டினால் அடியில் எண்ணெய், 5ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள். சாய்வு நாற்காலியின் கைப்பிடி, ஊஞ்சல் பலகையின் ஓரம் இவற்றில் பழைய பூச்சே ஒட்டும், அது வியர்வையும் உடம்பு எண்ணெயும் சேர்ந்து பூச்சை இளக்கியது, அந்தப் பகுதியில் மட்டும் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினால் போதும்.

சின்னச் சின்னக் குழி, பூச்சு விலகி விலகி நிற்பது: சிலிக்கான். முன்பு யாரோ பளபளப்புக்கு ஸ்பிரே அடித்துத் துடைத்திருப்பார்கள். ஈரம் காயும் முன்பே துடைத்தெடுத்து, தின்னரால் துணியை மாற்றி மாற்றி நாலு தடவை கழுவி, மெழுகில்லா அரக்கை மெல்லியதாக ஒரு கோட் போட்டு மூடிவிட்டு அதன்மேல் பூசுங்கள். துடைக்கிற துணி புதிதாக இருக்கட்டும்.

கொப்புளம்: குளிர்ந்த மரத்தில் பூசிவிட்டு வெயிலில் வைத்தால் மரத்தின் கண்களில் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். தேக்குக்குக் கண் பெரிது. காய்ந்ததும் 320 நம்பரில் தேய்த்து, நிழலில், மெல்லியதாகப் பூசுங்கள்.

உரிவது: அடியில் மெழுகு, எண்ணெய், காரம், அல்லது தேய்க்காமல் விட்ட பழைய பளபளப்பு. எங்கள் கீழ்ப்பலகையில் பழைய வார்னிஷைத் தேய்க்காமலே மேலே பூசியிருந்தார்கள். ஒரு ஓரத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, செல்லோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்தப் பலகை முழுவதையும் எடுக்க வேண்டியதுதான். உரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் பக்கத்தில் உரியும். புதுக் கதவுக்குக் கோட் முடிந்ததும் இந்தச் சோதனையை மறைவான இடத்தில் செய்து பார்த்துவிட்டுக் கூலியின் கடைசித் தவணையைக் கொடுங்கள்.

சுருக்கமும் வெடிப்பும்: எனாமல், எண்ணெய் வார்னிஷ் மேல் என்.சி. போட்டால் தின்னர் அடிப்பூச்சைக் கிளப்பிச் சுருக்கிவிடும். அடிக்கோட் காயும் முன் கனமாக அடுத்தது போட்டாலும் இதே கதி. எடுத்துவிட்டு மெல்லிய கோட்டுகளாக.

மணல் மணலாக: தூசி. பூசும் நாளில் கூட்டக் கூடாது, தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு அரை மணி கழித்து ஆரம்பியுங்கள். காய்ந்த பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாக ஒரு வருடு.

9. செலவும் நாளும்

கதவுக்கும் பெட்டகத்துக்கும் எனக்கு மொத்தம் 31,000 ஆனது. அதில் 13,000 முதல் தடவை போட்டு, எடுத்து எறிந்த வேலைக்கு. சரக்குச் செலவு மொத்தத்தில் கால்வாசிதான், மீதியெல்லாம் கூலி. அதனால் அரக்கிலும் ஸ்பிரிட்டிலும் மலிவு பார்க்காதீர்கள், மிச்சப்படுத்தும் சில நூறு ரூபாய்க்கு நாலு நாள் கூலி போகும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால் சித்திர வேலை உள்ள கதவுக்குத் தகராறு வரும், நாள் கூலிதான் இருவருக்கும் நியாயம்.

சரியான மாதத்தில் ஒழுங்காகச் செய்தால் ஒரு இரட்டைக் கதவுக்கு: எடுக்க மூன்று நாள், கறைக்கு மூன்று, காய ஒரு வாரம், தேய்க்க இரண்டு, பாலிஷுக்கு ஐந்து. அரக்குக்குக் கோட்டுக்கு இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள், ஒரு நாளைக்கு மூன்று கோட்டுக்கு மேல் வேண்டாம். பி.யு.வுக்கு டின்னில் போட்டிருக்கும் நேரத்தை நம்புங்கள், வேலைக்காரர் அவசரத்தை நம்பாதீர்கள்.

ஆளி விதை எண்ணெய், வார்னிஷ் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தனித்தனியாக வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள். மரக்கூரை வீட்டில் இதை மறக்கவே கூடாது.

10. முடித்த பிறகு

தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இறுக மூன்று நாலு வாரம் ஆகும். அதுவரை இரட்டைக் கதவை முழுக்கச் சாத்தாதீர்கள், இரண்டும் சேரும் விளிம்பு ஒட்டிக்கொண்டு திறக்கும்போது பிய்ந்து வரும். ராத்திரி சாத்தியே ஆக வேண்டும் என்றால் இடையில் மெழுகுத்தாள் வைத்துச் சாத்துங்கள். மாவிலைத் தோரணம் கட்டலாம், டேப் ஒட்டக் கூடாது. மஞ்சள் குங்குமத்தை நிலையில் வைக்கும் இடத்துக்கு நாங்கள் சின்னப் பித்தளைத் தகடு அடித்துவிட்டோம், அப்பத்தாவுக்கும் சம்மதம்.

துடைக்க உலர்ந்த துணி போதும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் போட்டு மினுக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு தாளில் மரம், பூச்சு, தேதி எழுதி உள்பக்கம் ஒட்டுங்கள். அப்பத்தா பெட்டகத்தின் உள்கதவில் இப்போது இப்படி இருக்கிறது: "தேக்கு. பழைய அரக்கு ஸ்பிரிட்டில் எடுத்தது. கீழ்த்தட்டில் ஆக்ஸாலிக். அவலரக்கு 9 கோட், மார்கழி கடைசி வாரம். மேலே மெழுகு இல்லை. ஸ்பிரிட்டுக்கு இளகும்."